பதிவறைக் கட்டுகளை எடைக்குப் போடாதீர்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்ட நீதிமன்றங்களின் பதிவறைகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் அலுவலர்களுக்கும், ஆவண அழிப்பு விதிகளைத் திருத்தும் அதிகாரமுள்ள உயர் நீதிமன்ற நிர்வாகத்துக்கும்:

நான் 41 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். போன மாதம் எங்கள் சீமையில் ஒரு கோர்ட் வளாகத்துக்குப் போயிருந்தேன். பின்பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. பதிவறையிலிருந்து சாக்கு சாக்காகப் பழைய கேஸ் கட்டுகளைக் கொண்டுவந்து அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சணல் அறுந்து ஒரு கட்டு தரையில் விரிந்தது. குனிந்து எடுத்தேன். 1931-ஆம் வருஷத்து அசல் வழக்கு. மேல்தாள் பழுத்து ஓரம் உதிர்ந்திருந்தது. உள்ளே எழுத்து நேற்று எழுதியதுபோலக் கறுப்பாக நின்றது. ஏற்றிக்கொண்டிருந்த தம்பி கையை நீட்டி, "பழைய பேப்பர்தானே அண்ணாச்சி, கொடுங்க" என்றான். கொடுத்துவிட்டேன். கோர்ட் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு உரிமை இல்லை. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

எந்த ஊர் கோர்ட் என்று எழுதவில்லை. எழுதினால் கடைசியில் பதிவறை எழுத்தர் தலையில்தான் வந்து விடியும். அவர் மேல் எனக்குப் புகார் இல்லை. அறிவிப்புப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார், நாள் குறித்தார், மேலிடத்து உத்தரவு வாங்கினார், விதி சொன்னபடி செய்தார். அந்த விதியோடுதான் என் வழக்கு.

அதன் வேர் 1917-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டத்தில் இருக்கிறது. கோர்ட்டுகளிலும் வருவாய் அலுவலகங்களிலும் தேங்கும் காகிதத்தை அழிக்க வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட சட்டம். எதை எத்தனை வருஷம் வைத்திருப்பது, எதை எப்போது அழிப்பது என்று உயர் நீதிமன்றம் விதி செய்துகொள்ளலாம் என்றது. அந்த வழியில் வந்த ஏற்பாட்டில் தீர்ப்புக்கும் டிகிரிக்கும் (தீர்ப்பின் முடிவை எழுதிய உத்தரவு) ஆயுசு கெட்டி. சாட்சி சொன்னது, சம்மன் சார்வான (உரியவரிடம் சேர்ந்த) விவரம், படிப்பணம் வாங்கிய ரசீது, இடத்தைப் பார்க்கக் கோர்ட் அனுப்பிய கமிஷனர் போட்ட பிளான் இவற்றுக்கெல்லாம் ஆயுசு குறைவு. வழக்கு முடிந்து, அப்பீல் கெடுவும் நிறைவேற்றுக் கெடுவும் போய்விட்டால் இவற்றால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்ற கணக்கு அது. கட்சிக்காரரைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரி. இந்தச் சீமைக்கு அது சரியில்லை. ஏன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

என் வேலைக்காலத்தில் ஒரு பனங்காட்டு எல்லைத் தகராறுக்காகப் பழைய வழக்கு ஒன்றைத் தேட வேண்டியிருந்தது. சீனியர் வக்கீல் ஐயா 1924-ஆம் வருஷத்து முன்சீப் கோர்ட் வழக்கு நம்பரைக் கொடுத்து, "தீர்ப்புக்கும் டிகிரிக்கும் நகல் மனு போடு" என்றார். அன்று பதிவறையில் இருந்த எழுத்தர் பழக்கமானவர். கட்டை எடுத்து மேசையில் வைத்து, "பார்த்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். தீர்ப்பைத் தேடிப் புரட்டியபோது வாதி தரப்பு மூன்றாவது சாட்சியின் பேர் கண்ணில் பட்டது. அந்தப் பேர், புருஷன் பேர், ஊர் எல்லாம் பொருந்தியது. என் தாத்தாவைப் பெற்றவள், என் பூட்டி. எங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு போட்டோ கிடையாது. கருப்பட்டி காய்ச்சுவாள், நல்ல உயரம், இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அவள் சொன்னதைத் தமிழில் எழுதியிருந்தார்கள். நின்றுகொண்டே படித்தேன். அன்று இரவு நினைவிலிருந்து டைரியின் பின்பக்கம் எழுதிவைத்த வரிகள் இவை: "எனக்கு வயது இன்னது என்று தெரியாது. தாது வருஷப் பஞ்சத்தில் நான் இடுப்புப் பிள்ளை. தாவா (வழக்கு) மரங்களில் பதனி இறக்கியது என் புருஷன். காய்ச்சியது நான். விடிலி (பதனி காய்ச்சும் குடிசை) போட்டிருந்த இடம் இப்போதும் தெரியும், சாம்பல் மேடு கிடக்கிறது. தெற்கெல்லையில் இரட்டையாக நிற்கும் வடலியை (இளம் பனையை) பிரதிவாதியின் தகப்பனார் எல்லைக்காக விட்டுவைத்தார். அவர் விடச் சொன்னபோது நான் அங்கே இருந்தேன்." அதற்குக் கீழே, படித்துக் காட்டிச் சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது என்ற வாசகம். முன்சீப்பின் கையெழுத்து. பக்கத்தில் இடது பெருவிரல் ரேகை. நீல மசியில் கொஞ்சம் இழுபட்டு, விரலின் வலப்பக்கம் ஒரு வெட்டுத் தழும்போடு.

அதே சாட்சியத்துக்கு முன்சீப் தன் கையால் எழுதிய ஆங்கிலக் குறிப்பும் கட்டில் இருந்தது. மூன்று வரி. வயது ஏறக்குறைய 50, வழக்குச் சொத்து தெரியும், வாதியின் அனுபவத்தை ஆதரிக்கிறார் என்ற அளவில் முடிந்துவிட்டது. தீர்ப்பில் அவள் இன்னும் சுருங்கினாள். வாதியின் மூன்றாம் சாட்சியும் அவ்வாறே சொல்கிறார். அவ்வளவுதான். சாம்பல் மேடும் இல்லை, இரட்டை வடலியும் இல்லை, தாது வருஷமும் இல்லை.

ஐயா வேண்டியதாகச் சொன்னது தீர்ப்பும் டிகிரியும். அவற்றுக்கு மட்டும் மனு போட்டேன். சாட்சியத்துக்கும் ஒரு நகல் போட்டிருக்கலாம். கட்டு எங்கே போய்விடப்போகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த வேப்பமரத்தடியில் நான் போய் நின்றது அந்தக் கோர்ட்டில்தான். 1924-ஆம் வருஷத்துக் கட்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். "அந்த வருஷமெல்லாம் லிஸ்டில் வந்திருக்கும் அண்ணாச்சி" என்றார்கள்.

இது என் ஒரு குடும்பத்து விஷயம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஒரு சாட்சியம் ஏன் தமிழில் அவ்வளவு விரிவாக எழுதப்பட்டது என்று பாருங்கள். 1859-இல் வந்த சிவில் நடைமுறைச் சட்டமும், பின்னால் 1908-இல் வந்ததும், அப்பீலுக்குரிய வழக்கில் சாட்சி சொல்வதைக் கோர்ட் மொழியில், நீதிபதியே எழுதியோ அவர் முன்னிலையில் எழுதவைத்தோ, கேள்வி பதிலாக இல்லாமல் தொடர்ச்சியான கூற்றாக எடுக்கவேண்டும் என்றன. எழுதியதைச் சாட்சியின் முன் படித்துக் காட்ட வேண்டும். தவறு இருந்தால் திருத்த வேண்டும். நீதிபதி தன் கையால் எழுதவில்லை என்றால், சாட்சி சொல்லச் சொல்லத் தனியாக ஒரு சாரக் குறிப்பும் எழுத வேண்டும். கிரிமினல் பக்கத்தில் எதிரியை (குற்றம் சாட்டப்பட்டவரை) விசாரிக்கும்போது ஒவ்வொரு கேள்வியும் பதிலும், முடிந்தவரை அவர் பேசிய மொழியிலேயே பதிவாகி, அவருக்குப் படித்துக் காட்டப்பட்டு, அவர் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கப்படும். வெள்ளைக்கார நீதிபதிக்கும் மேல் கோர்ட்டுக்கும் தங்கள் வசதிக்காகத் தேவைப்பட்ட ஏற்பாடு இது. அதன் பயனாக, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஆயிரக்கணக்கான பேரின் வாய்ச்சொல் இந்தச் சீமையில் தமிழ் எழுத்தாகிக் கட்டுக்குள் போயிற்று. அப்படிப்பட்ட சனங்களின் பேச்சை உட்கார்ந்து எழுதிவைத்த இடம் இதுபோல வேறு எது இருந்தது?

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததில்லை. 1801-இல் நவாப்பிடமிருந்து சீமை முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. அடுத்த வருஷமே ஜில்லா கோர்ட் ஒழுங்குமுறைகள் வந்தன. பெரிய கிரிமினல் வழக்கென்றால் திருச்சியில் இருந்த தென் மண்டல மாகாணக் கோர்ட்டின் நீதிபதி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சுற்றுக்கு வருவார். அதுவரை எதிரி காவலில் கிடக்க வேண்டும், சாட்சிகள் காத்திருக்க வேண்டும். வந்தாலும் இஸ்லாமியச் சட்ட அதிகாரியான காஜியோ முப்தியோ பத்வா (சட்டக் கருத்து) சொல்ல வேண்டும், பெரிய தண்டனைக்குச் சென்னை பௌஜ்தாரி அதாலத் என்ற மேல் கிரிமினல் கோர்ட் ஒப்ப வேண்டும். பிழைப்பு முழுக்கத் தமிழில் நடந்த ஊரில், ஒருவன் உயிர் இத்தனை பாஷைகளைக் கடந்து போக வேண்டியிருந்தது. 1843-இல் மாகாணக் கோர்ட்டுகளை எடுத்துவிட்டு, ஜில்லாவிலேயே சிவில், செஷன்ஸ் இரண்டையும் பார்க்கும் நீதிபதியை உட்காரவைத்த பிறகுதான் அந்த ஆறு மாதக் காத்திருப்பு போயிற்று. 1862-இல் சென்னை உயர் நீதிமன்றம் வந்தது. 1864-இல் பண்டிதர், காஜி முதலிய சட்ட அதிகாரிகள் போனார்கள். 1873-இன் மதராஸ் சிவில் கோர்ட் சட்டத்தில் ஜில்லா முன்சீப் 2,500 ரூபாய் வரை உள்ள வழக்கைக் கேட்கலாம் என்று ஆனது.

அந்தக் கோர்ட்டுகளைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. 1816-ஆம் வருஷத்து 11-ஆம் ஒழுங்குமுறையைப் படித்தவர்களுக்கு அந்த எண்ணம் வராது. ஏச்சு, சில்லறை அடிதடிக்கு ஊர்த் தலையாரிகளுக்கு மேலிருந்த கிராமத் தலைவர் 12 மணி நேரம் சாவடியில் அடைக்கலாம். ஆள் "கீழ்ச்சாதி" என்றால் 6 மணி நேரம் தொழுமரத்தில் காலை மாட்டி வைக்கலாம். சாதி பார்த்துத் தண்டனை என்று சர்க்காரே அச்சடித்து வைத்தது. கோர்ட் ஃபீஸ் கட்ட வழியில்லாமல் கையில் இருந்த உரிமையை விட்டவர்கள் எத்தனையோ பேர். கலெக்டர்தான் ஜில்லா மாஜிஸ்திரேட். அவருக்குக் கீழே வரி வசூலிக்கிறவர்களே மாஜிஸ்திரேட்டுகள். அவர்கள் முகாம் போகிற இடமெல்லாம் வாதியும் பிரதிவாதியும் சாட்சியும் கட்டுச்சோற்றோடு பின்னால் போனார்கள். இதெல்லாம் எப்படி நடந்தது, யார் யாரைப் பாதித்தது என்று பிற்காலத்தில் ஒருவர் கேட்டால் காட்டுவதற்கு நம் கையில் இருப்பது சட்டப் புத்தகமும் தீர்ப்புகளும் மட்டும் என்றால் போதுமா? பாதிக்கப்பட்டவர் தன் வாயால் சொன்ன தாளை நாமே எடைக்குப் போட்டுவிட்டு?

வ.உ.சி.யின் வழக்கை நினைத்துப் பாருங்கள். 1908 மார்ச் 12-இல் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கூடுதல் ஜில்லா மாஜிஸ்திரேட் வாலஸ் முதல் விசாரணை நடத்திச் செஷன்ஸுக்குக் கமிட் செய்தார். செஷன்ஸ் நீதிபதி பின்ஹே ஜூலை 7-இல் இரட்டை ஆயுள் தண்டனை சொன்னார். சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்து வருஷம். மேல்முறையீட்டில் இருவருக்கும் ஆறு வருஷமானது. தூத்துக்குடிக் கடற்கரையிலும் தாமிரபரணிக் கரைத் தைப்பூச மண்டபத்திலும் தமிழில் பேசிய பேச்சு, கோர்ட்டில் போலீஸ் குறிப்பாகவும் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் வந்து நின்றது. இது பெரிய வழக்கு, அதனால் பத்திரிகைகளும் சர்க்கார் கோப்புகளும் அதைக் காப்பாற்றின.

ஆனால் வ.உ.சி. அதற்கு முன் ஒட்டப்பிடாரத்தில் வக்கீல். அவர் தகப்பனார் உலகநாத பிள்ளையும் வக்கீல். ஏழைகளுக்காக அவர் ஆஜரான சின்ன வழக்குகளுக்கும் கட்டுகள் இருந்திருக்கும். அவற்றில் அவர் கேட்ட குறுக்கு விசாரணைக் கேள்விக்கு ஒரு சம்சாரி சொன்ன பதில் இருந்திருக்கும். அந்தக் கட்டுகளைப் பத்திரிகை காப்பாற்றாது. அவை இருக்க வேண்டிய இடம் உங்கள் பதிவறைதான். சிறைக்குப் போனதால் போன சன்னது (வக்கீல் தொழில் செய்யும் அனுமதி) பிற்காலத்தில் அவருக்குத் திரும்பக் கிடைக்க அதே வாலஸ்தான் உதவினார். அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். கோர்ட்டுக்கும் இந்த ஊர்க்காரர்களுக்கும் இடையில் என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். தீர்ப்பை மட்டும் படித்தால் இதில் எதுவும் பிடிபடாது.

அழிக்க வேண்டியது என்று நீங்கள் ஒதுக்கும் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று, 41 வருஷம் கட்டு அவிழ்த்துக் கட்டியவனாகச் சொல்கிறேன். சம்மனைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சார்வு செய்த அமீனாவின் ரிப்போர்ட் இருக்கும். "பிரதிவாதி பதனிக் காலமாதலால் குடும்பத்தோடு தேரிக்காட்டில் இருப்பதாகப் பக்கத்து வீட்டார் சொன்னபடியால் கதவில் ஒட்டினேன்" என்று ஒன்றில் படித்திருக்கிறேன். இன்னொன்றில், "ஊரில் அம்மை கண்டிருப்பதால் உள்ளே போகவில்லை". ஊர் எப்போது எங்கே பிழைக்கப் போனது, எந்த வருஷம் எந்த ஊரில் நோய் இருந்தது என்று இரண்டு வரியில் வந்துவிடுகிறது.

ஜப்தி செய்த நிலத்தைப் பறையடித்து அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். 1908-இன் சிவில் நடைமுறைச் சட்டத்தில் அது இன்னும் அப்படியே இருக்கிறது. அடித்தவருக்குக் கூலி கொடுத்த ரசீது கட்டில் சேரும். டாம்டாம் கூலி என்று எழுதி, அணாக் கணக்கும் அடித்தவர் பேரும் தகப்பன் பேரும் கைநாட்டும். ஊர்க் கோயில் கல்வெட்டிலோ பத்திரத்திலோ பள்ளிப் பதிவிலோ அவர் பேர் இருக்க அந்தக் காலத்தில் வழியில்லை. ஓர் அரசாங்கக் காகிதத்தில் அவர் பேர் ஏறியது அந்த ரசீதில்தான். சீக்கிரம் அழிக்க வேண்டியவற்றின் வரிசையில் அந்த ரசீதும் சேர்கிறது.

சத்தியப் பிரமாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1840 வரை இந்துக்களைக் கங்கா ஜலத்தின் மேலும் முஸ்லிம்களைக் குர்ஆன் மேலும் சத்தியம் செய்யச் சொன்ன வழக்கம், அந்த வருஷத்துச் சட்டத்தால் மாறி, உறுதிமொழியாயிற்று. ஆனால் ஊர் அத்தோடு விடவில்லை. 1873-இன் பிரமாணச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. வாதி எழுந்து, "பிரதிவாதி எங்கள் அம்மன் சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சொல்லட்டும், கட்டுப்படுகிறேன்" என்று கேட்கலாம். பிரதிவாதி சம்மதித்தால் கோர்ட் கமிஷன் போடும். கமிஷனர் கட்சிக்காரர்களோடு கோயிலுக்குப் போய்ச் சத்தியம் வாங்கி ரிப்போர்ட் எழுதுவார். அப்படிச் சொன்னது, கேட்டவருக்கு எதிராக முடிந்த முடிவு. மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் ஏன் மறுத்தார் என்பது பதிவாகும். நான் பார்த்த ஒரு ரிப்போர்ட்டில், பிரதிவாதி குளித்து ஈரத்துணியோடு வந்து நின்றதும், கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போது அவர் கை நடுங்கியதும், பிறகு அணைக்காமல் திரும்பி நடந்ததும் எழுதியிருந்தது. தீர்ப்பில் "பிரதிவாதி பிரமாணம் செய்யத் தவறினார்" என்று ஒரே வரி. 1969-இல் புதுப் பிரமாணச் சட்டம் வந்தபோது இந்தக் கோயில் சத்திய ஏற்பாடு போய்விட்டது. இனி அப்படி ஒரு ரிப்போர்ட் எந்தக் கோர்ட்டிலும் உருவாகப்போவதில்லை. இருப்பதும் போனால் போனதுதான்.

கமிஷனர் பிளான்களைப் பற்றி இரண்டு வார்த்தை. தாமிரபரணி வாய்க்கால்களான கன்னடியன் காலிலும் கோடகன் காலிலும் மருதூர்க் காலிலும் மடைத் தகராறு வராத ஊர் உண்டா? ஒவ்வொரு தகராறுக்கும் ஒருவர் போய் மடை, ஓடை, வரப்பு, மரம் எல்லாவற்றையும் அளந்து வரைந்திருக்கிறார். இன்றைக்குக் கால்வாய் ஆக்கிரமிப்பு வழக்குகளில் பழைய ஆதாரம் இல்லை என்று நாமே கையை விரிக்கிறோம். ஆதாரம் சாக்கில் போகிறது.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. இடம் இல்லை. செல்லு அரிக்கிறது. மழைக்காலத்தில் ஓடு ஒழுகும் அறையில் கட்டு நனைந்து கல்லாகிறது. பதிவறைக்குப் போட்ட ஆளையும் வேறு வேலைக்கு இழுக்கிறார்கள். நடப்பு வழக்குக் கட்டுக்கே அலமாரி போதவில்லை. இதையெல்லாம் நானே கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒருநாள் தும்மித் தும்மி மூச்சு முட்டி வெளியே வந்து விழுந்த எழுத்தருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். அந்த அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு முகமூடியும் கையுறையும் காற்றோட்டமும் கொடுக்காமல் கட்டுகளைக் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்கமாட்டேன்.

ஆனால் பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் ஒன்றிய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒப்புதல் கொடுத்தது. பழைய வழக்கு ஆவணங்களை ஸ்கேன் செய்வது அந்தத் திட்டத்தில் ஒரு பெரிய பங்கு. அதில் இந்தச் சீமையின் நூறு வருஷத்துக் கட்டுகளுக்கு என்ன ஒதுக்கியிருக்கிறீர்கள்? தீர்ப்பை மட்டும் ஸ்கேன் எடுத்துவிட்டு மீதியை அழித்துவிடலாம் என்ற யோசனை இருந்தால், அதை இப்போதே கைவிட வேண்டும். ஆங்கிலத்தில் இருக்கும் தீர்ப்பு மிஞ்சும், தமிழில் இருக்கும் சாட்சியம் போகும். கலெக்டர் அலுவலகத்துப் பழைய கடிதப் போக்குவரத்து எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. துரைமார் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டதற்கு அலமாரி உண்டு. என் பூட்டி முன்சீப் முன்னால் நின்று சொன்னதற்கு இல்லையா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய வழக்குகளில் குடும்ப மானம், பெண்களின் பேர், சாதிச் சண்டை எல்லாம் இருக்கின்றன, எல்லோரும் பார்க்கத் திறந்தால் புது வம்பு வரும் என்று ஒரு நீதித்துறை நண்பர் என்னிடம் சொன்னார். அது நியாயமான கவலை. அதற்குக் கால வரம்பு வையுங்கள், சில வகை வழக்குகளை மூடி வையுங்கள். மூடி வைத்ததை நாளைக்குத் திறக்கலாம். அரைத்துக் கூழாக்கியதை என்ன செய்வது?

நான் கேட்பது இவை.

1950 ஜனவரி 26-க்கு முன் தாக்கலான எந்த வழக்கின் எந்தத் தாளையும், சிவிலோ கிரிமினலோ, இந்த மூன்று மாவட்டங்களிலும் அழிப்பதை உடனே நிறுத்தி உத்தரவு போடுங்கள். ஏற்கெனவே ஏலம் விட்டு இன்னும் வண்டி ஏறாதவையும் இதில் அடங்க வேண்டும்.

விதியைத் திருத்துங்கள். சாட்சியங்கள், எதிரிகளின் வாக்குமூலங்கள், பிரமாணக் கமிஷன் ரிப்போர்ட்டுகள், கமிஷனர் பிளான்கள், சம்மன் சார்வு ரிப்போர்ட்டுகள், படி ரசீதுகள் எல்லாவற்றையும், 1950-க்கு முந்தியவை என்றால், தீர்ப்பைப் போலவே நிரந்தர ஆவணமாக வைக்க வேண்டும். அதற்குப் பிந்திய கட்டுகளை அழிக்க நேர்ந்தால், வழக்கு எண், வருஷம், ஊர், வழக்கின் தன்மை ஆகியவற்றைத் தமிழில் பட்டியல் போட்டு, கோர்ட் பலகையிலும் மாவட்ட நீதிமன்ற இணையதளத்திலும் ஆறு மாதமாவது வைத்துவிட்டு அப்புறம் கை வையுங்கள். இப்போது ஒட்டுகிற அறிவிப்பில் வருஷம் மட்டும் இருக்கிறது. அதைப் பார்த்து யாருக்குத் தன் தாத்தா வழக்கு ஞாபகம் வரும்?

பழைய கட்டுகளைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டாம். பாளையங்கோட்டையில் ஒரு கட்டிடம் ஒதுக்கி, அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம், தென்காசி, தூத்துக்குடி, கோவில்பட்டி என்று எல்லாப் பக்கத்துக் கட்டுகளையும் அங்கே சேருங்கள். வெள்ளைத்தாளில் தமிழில் மனு எழுதிக் கொடுக்கிற எவரும், வக்கீல் வைக்காமல், உட்கார்ந்து படிக்க ஒரு மேசை போடுங்கள். ஸ்கேன் செய்யும்போது கட்டில் இருக்கும் வரிசை கலையாமல், ஒவ்வொரு தாளின் இரண்டு பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது.

ஆள் பற்றாக்குறைக்கு ஒரு வழி சொல்கிறேன். ஓய்வுபெற்ற சிரஸ்தார்கள், பதிவறை எழுத்தர்கள், என்னைப் போன்ற வக்கீல் குமாஸ்தாக்கள் இந்த மூன்று மாவட்டத்திலும் இருக்கிறோம். பழைய கோர்ட் கையெழுத்தும், தஸ்தாவேஜு, முச்சலிக்கா, பிராது என்ற சொற்களும், அந்தக் காலத்துத் தமிழ் எண்களும் எங்களுக்குப் படிக்க வரும். எங்களுக்குப் பிறகு வருகிறவர்கள் தடுமாறுவார்கள். கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்களை எங்களோடு உட்காரவையுங்கள். நான் சம்பளம் கேட்கமாட்டேன். வாரத்துக்கு மூன்று நாள் காலையில் பத்து மணிக்கு வந்து உட்காருகிறேன்.

கடைசியாக ஒன்று. மேலே சொன்ன 1924-ஆம் வருஷத்து வழக்கின் எண்ணும் கோர்ட் பேரும் எழுதிய மனுவை உரிய அலுவலகத்துக்குத் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அந்தக் கட்டு அந்த வண்டியில் போயிற்றா, அறையில் இருக்கிறதா என்று எழுத்து மூலம் பதில் வேண்டும். இருந்தால், வாதி தரப்பு மூன்றாம் சாட்சியின் சாட்சியத்துக்குக் கைரேகை உள்ள பக்கத்தோடு சேர்த்துச் சான்றிட்ட நகல் வேண்டும். நகல் கட்டணம் எவ்வளவு என்று தெரிவித்தால் அன்றே கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
பாளையங்கோட்டை